பூ முந்திவிட்டது, தேனீ இன்னும் வரவில்லை

நெற்பூவை உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. கதிர் வெளிவந்ததும், காலை வெயில் ஏறும் நேரத்தில் ஒவ்வொரு மணியின் உமியும் கொஞ்சம் பிளந்து, உள்ளிருந்து மெல்லிய மகரந்தப் பைகள் வெளியே தொங்கும். ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்குள் மகரந்தம் சூல்முடியில் விழுந்து முளைத்துவிட வேண்டும். உமி மூடிக்கொண்டால் அந்த மணிக்கு இன்னொரு வாய்ப்பு கிடையாது. அந்த ஒரு மணி நேரத்தில் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மகரந்தப் பை சரியாக வெடிக்காது, மணி பால் பிடிக்காது, பதராகிவிடும். பயிர் பச்சையாகத்தான் நிற்கும். வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அறுத்துத் தூற்றும்போதுதான் தெரியும்.

2024ஆம் ஆண்டில் பூமியின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதலாக இருந்தது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. ஒன்றரை டிகிரிதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று பலருக்கும் தோன்றும். அந்த எண் ஆண்டு முழுவதையும், கடலையும் நிலத்தையும், இரவையும் பகலையும் சேர்த்துக் கலக்கிய கணக்கு. பயிருக்கு அந்தக் கணக்கு எட்டாது. பூ திறந்திருக்கும் அந்த ஒரு மணி நேரம் எப்படி இருந்தது என்பதுதான் அதற்கு முக்கியம்.

நெற்பூவின் இந்தச் சிக்கலுக்கு ஒரு வழி கிடைத்திருக்கிறது. அது கிடைத்த இடத்தைப் பாருங்கள். ஒரைசா அஃபிசினாலிஸ் என்ற காட்டு நெல் இனத்தின் பூ, வெயில் ஏறுவதற்கு முன்பே, அதிகாலையில் திறந்துவிடும். அந்தக் குணத்துக்குக் காரணமான மரபணுப் பகுதியை ஆராய்ச்சியாளர்கள் சாகுபடி நெல்லுக்கு மாற்றிப் பார்த்தார்கள். பூ திறக்கும் நேரம் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வரை முந்தியது. 2015இல் வெளியான ஆய்வு இது. யாரும் விதைக்காத, யாரும் அறுவடை செய்யாத ஒரு புல் இனம், வயலில் விளையும் நெல்லைக் காக்கும் வழியைத் தன்னிடம் வைத்திருந்தது.

வேளாண்மை ஒரு துறை, காட்டுயிர் இன்னொரு துறை என்று நாம் பிரித்து வைத்துப் பழகிவிட்டோம். வறட்சி என்றால் விவசாயச் செய்தி, பறவை குறைந்தால் சுற்றுச்சூழல் செய்தி. காலநிலை மாற்றம் இந்தப் பிரிவினையைப் பொருட்படுத்துவதில்லை. வயலையும் காட்டையும் அது ஒரே வழியில்தான் தொடுகிறது. எது எப்போது நடக்க வேண்டுமோ அந்த நேரத்தைக் கலைக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்க வேண்டுமோ அந்தச் சேர்க்கையைப் பிரிக்கிறது. வெப்பநிலை வரைபடத்தைவிட இதைத்தான் நாம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் இரவுகள். பகல் வெப்பத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம், இரவைப் பற்றிப் பேசுவதில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் பண்ணையில் 1979 முதல் 2003 வரையான பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் பகல் உச்ச வெப்பம் 0.35 டிகிரிதான் கூடியிருந்தது. இரவுக் குறைந்தபட்ச வெப்பமோ 1.13 டிகிரி ஏறியிருந்தது. கோடைப் போக நெல்லில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாக 2004இல் வெளியிட்டார்கள். இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று எளிமையானது. பகலில் இலை சர்க்கரை தயாரிக்கிறது; இரவில் செடி சுவாசித்து அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும், மணிக்குப் போய்ச் சேருவது குறையும். மணி நிரம்பினாலும் உள்ளே சுண்ணாம்பு படிந்தது போல வெளுத்திருக்கும். அந்த நெல்லை ஆலையில் அரைத்தால் குருணைதான் அதிகம் விழும். களத்தில் மூட்டை எண்ணிக்கை சரியாக இருந்தும் கையில் வரும் காசு குறைவது இப்படித்தான்.

மக்காச்சோளத்தின் கதை வேறு மாதிரி. அமெரிக்காவின் மாவட்டவாரி விளைச்சல் பதிவுகளை வைத்து 2009இல் ஷ்லென்கர், ராபர்ட்ஸ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 29 டிகிரி வரை வெப்பம் ஏற ஏற மக்காச்சோள விளைச்சல் மெல்லக் கூடுகிறது. அதைத் தாண்டியதும் கிடுகிடுவென்று சரிகிறது. சோயாவுக்கு அந்த எல்லை 30, பருத்திக்கு 32. ஏறும்போது நடந்து ஏறி, இறங்கும்போது உருண்டு விழுவது போன்ற ஒரு கோடு. எல்லைக்கு ரொம்பக் கீழே இருக்கும் பகுதிக்கு ஒரு டிகிரி கூடுவது லாபமாகவும் ஆகலாம். எல்லையை ஒட்டி நிற்கும் பகுதிக்கு அதே ஒரு டிகிரி பெரும் நஷ்டம்.

ஒரே மாற்றம் ஊருக்கு ஊர் வேறு வேறு விளைவு தருவது இதனால்தான். வெப்பமண்டலத்தில் பயிர்கள் ஏற்கெனவே தங்கள் எல்லையை நெருங்கித்தான் விளைகின்றன. அங்குள்ள உயிரினங்களும் அப்படியே. வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வாழும் உயிருக்குப் பெரிய ஏற்ற இறக்கங்களைத் தாங்கும் பழக்கம் இல்லை. டேனியல் ஜான்சென் என்ற உயிரியலாளர் 1967லேயே இதை வேறொரு விதமாகச் சொன்னார்: பனியும் வெயிலும் மாறி மாறிப் பார்த்த விலங்குக்கு ஒரு மலைக் கணவாயைக் கடப்பது சுலபம், வெப்பமண்டல விலங்குக்கு அதே உயரக் கணவாய் பெரிய தடை. மலையேற ஏற மாறும் குளிரே அதற்கு ஒரு சுவர் போல.

பூச்சிகளில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். பூச்சியின் உடல் சூடு வெளிச்சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் அது வேகமாகத் தின்னும், வேகமாகப் பெருகும். நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு டிகிரிக்கும் பூச்சிகளால் ஆகும் சேதம் 10 முதல் 25 சதவீதம் வரை கூடும் என்று 2018இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு கணித்தது. சேதம் அதிகம் கூடப்போவது மிதவெப்ப நாடுகளில். அங்கே இதுவரை குளிர்காலம் பூச்சிகளைக் கொன்று விவசாயிக்கு உதவி செய்துவந்தது; அந்த உதவி குறைகிறது. வெப்பமண்டலத்தில் சில பூச்சிகள் ஏற்கெனவே தங்களுக்கு உகந்த சூட்டில் இருப்பதால், இன்னும் கூடினால் அவற்றின் பெருக்கம் மந்தமாகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் அதே சூடு, அந்தப் பூச்சிகளை வேட்டையாடும் குளவிகளையும் சிலந்திகளையும் சும்மா விடாது. தீமை செய்யும் பூச்சியை மட்டும் கணக்கில் எடுத்து நன்மை செய்யும் பூச்சியை மறந்துவிடுவது வேளாண்மைக் கணிப்புகளில் நான் அடிக்கடி காணும் குறை.

சரி, குளிர் நாடுகளுக்காவது இது நல்லதுதானே? விளையும் நாட்கள் கூடுகின்றன என்பது உண்மை. ஆனால் ஆப்பிள், செர்ரி, பீச் போன்ற மரங்களுக்குக் குளிர் ஒரு தேவை. குளிர்காலத்தில் இத்தனை மணி நேரம் குளிரில் உறங்கினால்தான் வசந்தத்தில் மொட்டுகள் ஒழுங்காக விரியும். உறக்கம் போதாவிட்டால் பூக்கள் ஒரே சமயத்தில் வராமல் சிதறி வரும், காய்ப்பும் சிதறும். இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 2021 மார்ச் இறுதியில் பிரான்ஸில் வெயில் வழக்கத்தைவிடக் கடுமையாக அடித்தது. திராட்சைக் கொடிகளும் பழ மரங்களும் வசந்தம் வந்துவிட்டது என்று மொட்டு விரித்தன. ஏப்ரல் முதல் வாரத்தில் உறைபனி இறங்கியது. கொடிகளைக் காப்பாற்ற விவசாயிகள் இரவெல்லாம் தோட்டங்களில் நெருப்பு ஏற்றி வைத்துக் காத்திருந்தார்கள். ஆனாலும் பெரும் பகுதி கருகியது. ஏப்ரலில் உறைபனி விழுவது அங்கே புதிதல்ல. பனி வரும்போது மொட்டு மூடியிருக்கும் என்பதுதான் பழைய வழக்கம். பனி தன் நேரத்துக்கு வந்தது, மொட்டு முந்திவிட்டது.

வெப்பமயமாதலின் நடுவே ஒரு உறைபனி பேரழிவாவது முரண் போலத் தெரியும். இந்த நேரப் பிசகைப் புரிந்துகொண்டால் அதில் முரண் இல்லை.

நேரப் பிசகு எங்கிருந்து வருகிறது? உயிர்கள் காலத்தை அறிந்துகொள்ள இரண்டு கடிகாரங்கள் வைத்திருக்கின்றன. ஒன்று வெப்பம், இன்னொன்று பகலின் நீளம். பல மரங்களும் பூச்சிகளும் வெப்பத்தைப் பார்த்து நடக்கின்றன. வலசை போகும் பறவைகள் பெரும்பாலும் பகல் நீளத்தைப் பார்த்துக் கிளம்புகின்றன. பல ஆயிரம் ஆண்டுகளாக இரண்டு கடிகாரங்களும் ஒத்துப் போனதால், எந்த உயிர் எதைப் பார்த்து நடந்தாலும் எல்லாம் ஒரே சமயத்தில் கூடின. இப்போது ஒரு கடிகாரம் மட்டும் முந்தி ஓடுகிறது. பகல் நீளம் மாறாது, வெப்பம் மாறிவிட்டது.

முந்தி ஓடுவதை ஜப்பானின் கியோட்டோ நகரில் தெளிவாகப் பார்க்கலாம். செர்ரி மரங்கள் முழுதாகப் பூத்த நாளை அங்கே ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே நாட்குறிப்புகளிலும் அரண்மனைப் பதிவுகளிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். 2021இல் மார்ச் 26ஆம் தேதி பூ உச்சத்தை எட்டியது. 1200 ஆண்டுப் பதிவுகளில் அதுவரை இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை.

நெதர்லாந்துக் காடுகளில் நடப்பது இன்னும் வேதனையானது. அங்கே ஓக் மரம் துளிர்க்கும், துளிரைத் தின்னக் கம்பளிப்புழுக்கள் வரும், புழுக்களைக் குஞ்சுகளுக்கு ஊட்டப் பறவைகள் கூடு கட்டும். வசந்தம் முந்தியதால் துளிரும் புழுவும் முந்தின. கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவை குளிர்காலத்தை மேற்கு ஆப்பிரிக்காவில் கழிக்கிறது. ஐரோப்பாவில் வசந்தம் சீக்கிரம் வந்துவிட்டது என்று அதற்கு அங்கிருந்து எப்படித் தெரியும்? அது தன் வழக்கமான நாளில்தான் கிளம்புகிறது. வந்து கூடு கட்டி, குஞ்சு பொரித்து, இரை தேடும்போது புழுக்காலம் முடிந்திருக்கிறது. புழுக்கள் மிகச் சீக்கிரம் உச்சத்தை எட்டும் பகுதிகளில் இந்தப் பறவையின் எண்ணிக்கை இருபது ஆண்டுகளில் சுமார் 90 சதவீதம் குறைந்ததாக 2006இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு சொன்னது. காடு அழியவில்லை, யாரும் வேட்டையாடவில்லை, இரையும் இருந்தது. பறவை வரும் நேரத்தில் மட்டும் இல்லை.

இதே பிசகு பூவுக்கும் தேனீக்கும் இடையில் வந்தால் அது நேரே விளைச்சலைத் தொடும். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, கொஞ்சமாவது தேனீ, வண்டு, பறவை, வௌவால் போன்ற உயிர்களின் மகரந்தச் சேர்க்கையால் பயன்பெறுகின்றன. தானியங்கள் காற்றை நம்பியோ தம்மைத் தாமே நம்பியோ சமாளித்துக்கொள்ளும். பழங்கள், காய்கள், கொட்டைகள், எண்ணெய் வித்துகள் பலவற்றுக்கு அப்படி முடியாது. குளிர் நாடுகளில் உடல் முழுக்க மயிர் அடர்ந்த பம்பிள் தேனீ என்ற பெரிய தேனீ உண்டு. தக்காளிப் பூவைப் பிடித்து அதிர வைத்து மகரந்தத்தைக் கொட்ட வைக்கும் வித்தை அதற்குத் தெரியும், சாதாரணத் தேனீக்குத் தெரியாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இந்தத் தேனீக்களின் நூறாண்டுக்கும் மேற்பட்ட பதிவுகளை ஒப்பிட்டு 2015இல் ஓர் ஆய்வு வந்தது. தெற்கில், சூடு கூடிய பகுதிகளில், அவற்றின் எல்லை 300 கிலோமீட்டர் வரை சுருங்கியிருக்கிறது. வடக்கில் அதற்கு ஈடாக விரிந்திருக்க வேண்டுமே? விரியவில்லை. இரண்டு பக்கமும் நெருக்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இடம் பெயர்ந்து தப்பிக்கலாம் என்பது எல்லா உயிருக்கும் வாய்க்காது. மலையில் வாழ்வது மேலே மேலே போகும், உச்சிக்கு மேல் போக இடமில்லை. பெரு நாட்டில் ஒரு மலைமுகட்டில் 1985இல் பறவைகளைக் கணக்கெடுத்தார்கள். 2017இல் மறுபடி போனபோது, முன்பு உச்சியில் மட்டும் வாழ்ந்த சில இனங்கள் அங்கே காணப்படவில்லை. தீவில் வாழ்வதற்கு அதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடையே உள்ள பிராம்பிள் கே என்ற சின்னஞ்சிறு திட்டில் மட்டும் வாழ்ந்த மெலோமிஸ் எலி கடைசியாகக் கண்ணில் பட்டது 2009இல். கடல்நீர் திரும்பத் திரும்ப ஏறி அதன் செடிகொடிகளை அழித்தது. 2019இல் அது அற்றுப்போனதாக ஆஸ்திரேலிய அரசு அறிவித்தது.

சமவெளியில் வாழும் உயிருக்கு மலை உச்சியும் இல்லை, கடலும் இல்லை, ஆனால் நாம் இருக்கிறோம். நூறு மைல் தள்ளிப் போக வேண்டிய வண்ணத்துப்பூச்சியின் வழியில் வரப்பில் ஒரு புதர்கூட இல்லாத, ஒரே பயிர் நிறைந்த வயல்கள் கிடக்கின்றன. அதனால்தான் ஒரு பகுதியின் விவசாயம் எப்படி நடக்கிறது என்பதே அந்தப் பகுதியின் காட்டுயிர் பிழைக்குமா என்பதையும் பெருமளவு தீர்மானிக்கும் என்று நம்புகிறேன். வேலி மரம், ஓடைக்கரைப் புதர், உழாமல் விட்ட மூலை நிலம், குட்டை: இவை எல்லாம் வீணான நிலம் என்று ஒருகாலத்தில் கணக்குப் போட்டோம். இன்று அவை உயிர்கள் கடந்து போகும் பாதை, வயலுக்குத் தேனீயும் குளவியும் வரும் வாசல்.

ஐபிசிசி என்ற காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு, 2018 அறிக்கையில் 1,05,000 இனங்களைப் பற்றிய ஆய்வை எடுத்துச் சொன்னது. பூமி 1.5 டிகிரி சூடானால் பூச்சி இனங்களில் 6 சதவீதம், தங்களுக்கு ஏற்ற நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இழக்கும். 2 டிகிரி ஆனால் அது 18 சதவீதம். அரை டிகிரியில் மூன்று மடங்கு. அரை டிகிரிக்காக ஏன் இவ்வளவு வாதாடுகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாக. காற்று 1 டிகிரி சூடானால் அதனால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்க முடியும். அதனால் பெய்தால் கொட்டுகிறது, பெய்யாத நாட்களில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிகம் உறிஞ்சுகிறது. வருட மழையளவு அப்படியே இருந்தும் பயிர் ஒரு மாதம் வாடி, அடுத்த மாதம் மூழ்குவது இதனால் சாத்தியம். சில சமயம் விளைவு எதிர்பாராத திசையிலிருந்தும் வரும். 2018இல் மெக்குனு, லுபான் என்ற இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. ஆளற்ற மணலில் பசுமை முளைத்தது, வெட்டுக்கிளிகள் யாரும் பார்க்காமல் பெருகின. 2019, 2020இல் அவை கிழக்கு ஆப்பிரிக்கப் பயிர்களைத் தின்று தீர்த்தன. கென்யாவில் எழுபது ஆண்டுகளில் காணாத படையெடுப்பு அது.

எல்லாப் பழியையும் காலநிலை மேல் போடுவதும் சரியில்லை. வியட்நாமின் மேகாங் கழிமுகத்தில் 2016இல் வயல்களுக்குள் உப்பு நீர் வெகுதூரம் ஏறியது. வறட்சியும் கடல்மட்ட உயர்வும் காரணம்தான். ஆற்றின் மேற்பகுதியில் கட்டிய அணைகளும், அள்ளிய மணலும், நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தாழ்ந்த நிலமும்கூடக் காரணம். இதைச் சொல்லாமல் விட்டால், நம் கையில் இருக்கும் தீர்வுகளும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

கரியமில வாயு கூடினால் செடி நன்றாக வளருமே என்று ஒரு வாதம் உண்டு. நெல், கோதுமை போன்ற பயிர்களுக்கு, தண்ணீரும் உரமும் போதிய அளவு இருந்தால், ஓரளவு உண்மை. ஆனால் இந்த நூற்றாண்டின் நடுவில் எதிர்பார்க்கப்படும் அளவுக்கு அந்த வாயுவைக் கூட்டி வயலிலேயே வளர்த்துப் பார்த்தபோது கோதுமையில் துத்தநாகச் சத்து சுமார் 9 சதவீதமும் இரும்புச் சத்து சுமார் 5 சதவீதமும் குறைந்தன. தட்டு நிறையும், சத்து குறையும். தானியத்தை மட்டுமே நம்பிச் சாப்பிடும் ஏழைக் குடும்பங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

மறுபடி காட்டு இனங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனம் அதிகம் பதைப்பது இங்கேதான். 1970களில் ஆசியாவின் நெல் வயல்களைப் புல் குட்டை வைரஸ் நோய் தாக்கியது. எதிர்ப்புச் சக்தி தேடி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்தார்கள். கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரைசா நிவாரா என்ற காட்டு நெல்லின் ஒரே ஒரு மாதிரியில். 1976இல் வெளியான ஐ.ஆர்.36 ரகத்தில் அந்தக் குணம் சேர்ந்தது, பல கோடி ஏக்கரில் அது விளைந்தது. இரண்டு வாரம் நீரில் மூழ்கியிருந்தும் பிழைக்கும் ஸ்வர்ணா சப்1 நெல்லின் குணம், ஒடிசாவின் ஒரு நாட்டு ரகத்திலிருந்து வந்தது. காபியிலும் இதே கதை. குளிர்ந்த மலைச்சரிவை விரும்பும் அராபிகா, வெப்பம் கூடக்கூடத் திணறுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் மறைந்தே போய்விட்டது என்று அஞ்சப்பட்ட ஸ்டெனோஃபில்லா என்ற காட்டுக் காபிச் செடியை 2018இல் சியரா லியோனில் மறுபடி கண்டுபிடித்தார்கள். அராபிகா தாங்குவதைவிடச் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் சூடான இடத்திலும் அது வளர்கிறது, சுவையும் அராபிகாவுக்கு நெருக்கம். உலகில் அறியப்பட்ட 124 காபி இனங்களில் 60 சதவீதம் அழியும் ஆபத்தில் இருப்பதாக 2019இல் ஒரு மதிப்பீடு சொன்னது. அடுத்த நோய்க்கான மருந்து அவற்றில் எதில் இருக்கிறது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

விதை வங்கிகள் இருக்கின்றனவே என்பார்கள். அவை தேவை, மிகவும் தேவை. நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008இல் திறந்த விதைக் காப்பகத்திலிருந்து, சிரியாவில் போரால் முடங்கிய ஆராய்ச்சி மையத்துக்காக 2015இல் விதைகளைத் திருப்பி எடுத்தார்கள். ஆனால் உறைய வைத்த விதை, எடுத்து வைத்த நாளோடு நின்றுவிடுகிறது. வெளியே நிற்கும் காட்டு நெல் ஒவ்வொரு ஆண்டும் புது வெப்பத்தையும் புது நோயையும் சந்தித்து மாறிக்கொண்டிருக்கிறது. இரண்டும் வேண்டும்.

விவசாயம் தன் பங்குக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் கவலைதான். வெப்பம் கூடுவதால் கனடா, ரஷ்யாவின் வட பகுதிகளில் இதுவரை விளையாத நிலங்கள் விளைநிலமாகலாம். அங்கே பல இடங்களில் இருப்பது கரி நிறைந்த சதுப்பு மண். அதைக் கிளறினால் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கரி, கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். தெற்கில் இழந்த விளைச்சலை வடக்கில் ஈடுகட்டும் முயற்சி, இழப்பின் காரணத்தையே பெருக்கிவிடும்.

இதற்கு எதிர்த் திசையில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நைஜர் நாட்டில், 1980கள் வரை, வயலில் முளைக்கும் மரக்கன்றுகளை வெட்டிவிட்டுத்தான் உழுவார்கள். மரங்கள் அரசுக்குச் சொந்தம் என்ற நிலை இருந்ததால் வளர்த்து என்ன பயன் என்று மக்களும் நினைத்தார்கள். கன்று நட்ட திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காய்ந்தன. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர், மண்ணுக்கடியில் பழைய மரங்களின் வேர்க்கட்டைகள் உயிரோடு இருப்பதைக் கவனித்தார். அவற்றிலிருந்து துளிர்ப்பதை வெட்டாமல், நல்ல கிளைகளை விட்டு மற்றதைக் கழித்து வளர்க்கும்படி விவசாயிகளிடம் பேசினார். மரத்தின் மீதான கெடுபிடியும் தளர்ந்தது. அப்புறம் ஊருக்கு ஊர் அது தானாகப் பரவியது. மராடி, சிந்தர் பகுதிகளை உள்ளடக்கி சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் இன்று வயல்களுக்கு நடுவே மரங்கள் நிற்கின்றன.

அவற்றில் ஃபைதர்பியா என்ற வேல மர வகை ஒன்று. மற்ற மரங்களுக்கு நேர்மாறாக அது மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிடுகிறது. கீழே கம்பு விளையும் மாதங்களில் வெயிலை மறைப்பதில்லை, உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகிறது. அறுவடை முடிந்து நிலம் கொதிக்கும் கோடையில், ஆடு மாடுகளும் பறவைகளும் நிழல் தேடும்போது, பச்சையாகத் துளிர்த்து நிற்கிறது.